எங்களுக்கு முன்னால் வந்து நின்ற ஜீப்

பிடிக்க வருகிற போலீஸ் ஒளிந்து நிற்கும். பாலத்துத் தூணுக்குப் பின்னால் நிற்கும், ஓரங்கட்டிய கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கும். அவுட்டர் ரிங் ரோட்டில் ஆட்டோ ரேஸ் விடுகிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். ஆனால் அக்டோபர் முதல் ஞாயிறு விடியற்காலையில் நெமிலிச்சேரி பாலத்துக்கடியில் நின்ற ஜீப் ஒளியவே இல்லை. தலையில் விளக்கு சுற்ற, ஊருக்கே தெரிகிற மாதிரி நின்றது. பக்கத்தில் இரண்டு பேர் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி வருவதைப் பார்த்தும் விரட்டவில்லை. திரும்பிப் போ என்று கையை மட்டும் ஆட்டினார்கள்.

அடுத்த வாரம் இடத்தை மாற்றி, வேலப்பன்சாவடி பக்கம் சர்வீஸ் ரோட்டுக்குப் போனோம். அங்கேயும் எங்களுக்கு முன்னால் ஜீப் வந்திருந்தது. அங்கேயும் டீ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரத்திப் பிடித்து உள்ளே வைத்திருந்தால்கூட அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அனுப்புகிற மாதிரி வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

நான் ரெனிதா. வண்டி ஓட்டுகிறவள் நான்தான். பெண்ணா என்று முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். வாரம் முழுக்க ஒரு கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து பஸ் பாஸுக்கு முத்திரை குத்துகிறேன். அங்கே நான் குனிந்த தலை நிமிராத பெண். ஞாயிறு காலையில் மட்டும்தான் நான் நானாக இருப்பேன். எங்களுடையது பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோ. கூரை, பின்சீட்டு, மீட்டர் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு, இன்ஜினைக் குடைந்து பெரிதாக்கி, சைலன்சரை நாங்களே வளைத்து வைத்தது. முன்னால் இரண்டு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே போய் வழி விலக்கும், பின்னால் ஆட்டோக்கள் சீறிக்கொண்டு வரும். தோற்றவன் தன் வண்டியின் பாம்ப் ஹாரனை, கையால் அமுக்குகிற அந்த ரப்பர் குமிழ் ஹாரனை, கழற்றி ஜெயித்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆவடியில் என் சிநேகிதன் தினேஷின் ஷெட்டில் அப்படி ஜெயித்த ஹாரன்கள் திராட்சைக் கொத்து மாதிரி தொங்கும்.

எங்கே ஓடப்போகிறோம் என்பது சனிக்கிழமை வரை மூன்றே பேருக்குத்தான் தெரியும். தினேஷ், நான், அபிஷேக். பைக்கில் வழி விலக்குகிற பையன்களுக்கும் எதிர் டீமுக்கும் காலையில் கிளம்பும்போதுதான் சொல்வோம். ஆக, போலீஸுக்கு முதல் நாளே தெரிகிறது என்றால் மூவரில் ஒருவர்தான்.

"அவன்தான்," என்றான் தினேஷ். சாக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ கார்பரேட்டரில் தூசி அடைத்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"எத வச்சு சொல்ற?"

"நீ கீற, நான் கீறேன். ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஒண்ணா சுத்திகினு கீறோம். அவன் யாரு? நாமக்கல்லுலருந்து வந்து ஃபிளாட்ல குந்திகினு கீறவன். கம்பெனி பேட்ஜ் மாட்டிகினு ஏன் நம்ம ஷெட்டுக்கு வந்து கிரீஸ்ல பொரளணும்? ஒரு கெட்ட வார்த்த பேசறானா? ஒரு பீடி புடிக்கிறானா? போன மாசம் ஸ்டேஷனுக்கு வேற போயிட்டு வந்தான்."

"பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்னு சொன்னான்."

"சொன்னான்," என்றான் தினேஷ். அந்த ஒரு சொல்லை அவன் இழுத்த இழுப்பில் எனக்கும் உள்ளே ஏதோ அசைந்தது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் கத்தரிக்க மாட்டேன். அபிஷேக்கை எனக்குப் பிடிக்கும், அதையும் மறைக்கவில்லை. எங்கள் இன்ஜின் பாடுவது அவன் கையால்தான். வளைவுகளில் வண்டி கவிழாமலிருக்க இடது பக்கம் உடம்பை வெளியே தள்ளித் தொங்குகிறவனும் அவன்தான். அவன் முதுகு ரோட்டிலிருந்து ஒரு முழம் உயரத்தில் போகும், என் கையை நம்பி. ஆனால் பிடித்தவர்கள் மேல்தான் சந்தேகம் சீக்கிரம் வருகிறது. பிடிக்காதவன் மேல் வந்தால் நமக்கென்ன?

அதனால் யோசனை சொன்னதும் நான்தான். இந்த வாரம் ரேஸே கிடையாது. ஆனால் அபிஷேக்கிடம் மட்டும், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ரோடு, ஞாயிறு காலை என்று சொல்வோம். நான் முன்னாலேயே போய் ஓரமாக நின்று பார்க்கிறேன். போலீஸ் வந்தால் அவன்தான். வராவிட்டால் தினேஷ் இனி அவனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

"வந்தா?" என்றேன்.

தினேஷ் போனைத் திருப்பிக் காட்டினான். அபிஷேக் பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே எங்கள் இன்ஜினைப் பூட்டுகிற வீடியோ, அடுத்ததில் ரேஸில் தொங்குகிற வீடியோ. முகம் பளிச்சென்று தெரிந்தது. "கம்பெனி பேரப் போட்டு நெட்ல வுட்ருவேன். நம்மள காட்டிக் குடுத்தவன நாமளும் காட்டிக் குடுப்போம். வேல காலி. அப்பால எவன் சேத்துக்குவான்?"

நான் சரி என்று தலையாட்டினேன். அப்படி நடக்காது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். அம்மா பெயர் ஜெயசீலி, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அப்பா குவைத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார், எங்கள் வீட்டில் அவர் ஒரு போன் குரல். அக்டோபர் ஜெபமாலை மாதம் என்பதால் எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள், தினம் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை. மாதா சுருபத்தை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாடிக்கொண்டே தூக்கிப் போவார்கள். அம்மா ஒரு நாள் தவற மாட்டாள். நான் பல வருஷமாக அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

"நாளைக்கு எங்கடி போற?"

"செம்பரம்பாக்கம். ஏரிக்கர ரோடு. ஃபிரண்டு பொறந்த நாளு."

அம்மா சீப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறந்த நாள் என்பது பொய் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் அவளுக்கும் ஓர் உடன்பாடு. "இன்னா பண்ணப் போறன்னு எத்தினி பொய் வேணா சொல்லிக்க. எங்க போறன்னு மட்டும் நெசத்த சொல்லு. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா எங்க வந்து தேடறதுன்னாவது எனக்குத் தெரியணும்," என்பாள். அதனால் இடத்தை மட்டும் நான் மாற்றிச் சொல்வதில்லை. கட்டை விரலால் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, முக்காட்டை எடுத்துக்கொண்டு ஜெபத்துக்குக் கிளம்பினாள்.

ஞாயிறு காலை தூறல் போட்டது. ஏரிக்கரை ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடையின் பின்னால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றேன். ரோடு காலி. ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. யாரும் வரப் போவதில்லை, தினேஷ் முகத்தில் கரியைப் பூசலாம் என்று சந்தோஷப்பட ஆரம்பித்தபோது ஜீப் வந்தது.

ஜீப் ஒளியவில்லை. விளக்கு சுற்றியது. இறங்கிய இருவரில் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் பங்கைச் சேர்ந்த ஏட்டு வேதமுத்து. கோயிலில் பார்த்திருக்கிறேன். என் முகம் தெரிந்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அபிஷேக்கின் பைக் வந்தது. முதுகில் டூல்ஸ் பை. ஜீப்பைப் பார்த்ததும் திரும்புவான் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வேதமுத்து கையைக் காட்ட, நின்றான். ஏதோ பேசினார்கள். வேதமுத்து ஜீப்பிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, ஒரு கப்பில் டீ ஊற்றி அவன் கையில் கொடுத்தார். அவனும் வாங்கிக் குடித்தான். தோளில் ஒரு தட்டு தட்டி அனுப்பி வைத்தார்.

அந்தத் தட்டுதான் என்னைக் கொன்றது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவனைக் கூப்பிட்டு நாலு அறை விடலாமா என்றுகூட இருந்தது. கூப்பிடவில்லை. அவன் பைக் சத்தம் தேய்ந்து போகிற வரை கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீ வாங்கிக் குடுக்கறாங்களா!" ஷெட்டுக்கு வந்து நான் சொன்னதும் தினேஷ் தொடையில் தட்டிச் சிரித்தான். "மாமியார் ஊட்டு மாப்ளயாட்டம்!"

"அவன் ஆளுன்னா எதுக்குடா நேர்ல வரணும்? போன்ல சொல்லிட்டு ஊட்ல தூங்கிருக்கலாம்ல?"

"வரலன்னா நாம கண்டுபுடிச்சிருவோம்ல? அதுக்குத்தான் ஆக்ட் குடுக்கறான்."

வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். சந்தேகத்தில் மாட்டியவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். அப்போதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானும் அந்தத் தோள்தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அபிஷேக்கை ஷெட்டுக்கு வரச் சொன்னோம். வந்தான். ஈரத் தலையோடு, ஒன்றும் தெரியாதவன்போல. தினேஷ் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டான், வீடியோவையும் காட்டினான். அபிஷேக்கின் முகம் வெளுத்தது.

"நான் சொல்லலைங்க," என்றான். "ரேஸ் கேன்சலான்னு கேக்க உங்களுக்கு போன் போட்டேன், நீங்க ரெண்டு பேருமே எடுக்கல. போலீஸ் கேட்டதுக்கு, பறவை பாக்க வந்தேன்னேன். அந்த ஏட்டு சிரிச்சிட்டு டீ குடுத்தாருங்க. 'வீட்டுல உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க, போ தம்பி'ன்னாரு. அவ்வளவுதானுங்க."

"எத்தினி பேராண்ட சொன்னோம் தெரியுமா அந்த எடத்த?" என்றான் தினேஷ். "உன்னாண்ட மட்டும்."

அபிஷேக் என் பக்கம் திரும்பினான். நான் ஹாரன்களைப் பார்த்தேன்.

"இன்னிக்கு ராவுக்குள்ள உன் வாயால ஒத்துக்க. வுட்றேன், ஓடிப் போயிரு. இல்லன்னா வீடியோ போயிரும்," என்றான் தினேஷ். அபிஷேக் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கோலம், கூடத்தில் பாய், மெழுகுவர்த்தி. அன்று எங்கள் வீட்டு முறை. தப்பிக்க வழியில்லை. முகம் கழுவிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். மாதா சுருபத்தைப் பாடிக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. வேதமுத்துவின் மனைவி சரசா வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆரம்பிச்சிரலாமா ஜெயசீலி?" என்றார் ஒருவர்.

"கொஞ்சம் இருங்க. ஏட்டண்ணன் டூட்டி முடிஞ்சு வந்துகினு கீறாரு. அவரும் வந்துறட்டும்," என்றாள் அம்மா.

அவர் வந்தார். காலையில் பார்த்த அதே ஆள், இப்போது வேட்டியில். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராக மன்றாட்டு சொன்னார்கள். ஒருத்திக்கு மகனின் விசா, ஒருவருக்கு முழங்கால் வலி. எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். பிறகு அம்மா எழுந்து கைகளைக் குவித்தாள்.

"மாதாவே, என் பொண்ணு ரெனிதாவ இன்னிக்குக் காலையில செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டுலருந்து பத்திரமா ஊட்டுக்குக் கூட்டிகினு வந்ததுக்கு நன்றி. அவ ஓட்டற வண்டிக்கு முன்னாடி இனிமேலும் உம்முடைய தூதர அனுப்பி நிறுத்தும் தாயே."

எல்லோரும் பதில் சொன்னார்கள். வேதமுத்துவின் குரல்தான் பலமாகக் கேட்டது.

சரசா அத்தை என் பக்கம் குனிந்து, வாஞ்சையாக என் கையைப் பிடித்தாள். "மொத வாரம் நெமிலிச்சேரி பாலம், போன வாரம் வேலப்பன்சாவடி, இந்த வாரம் ஏரிக்கர. உனுக்காக இந்த மாசம் பூரா ஜெபிச்சிகினு கீறோம்மா."

என் கை அவள் கையில் அப்படியே கிடந்தது. உன்னாண்ட மட்டும் என்று தினேஷ் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா என் நினைவுக்கே வரவில்லை. எங்கள் கூட்டத்துக்கு வெளியே நான் ஞாயிறுதோறும் வண்டி எடுப்பது தெரிந்த ஒரே மனுஷி, இடம் தெரிந்த நான்காவது ஆள், என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

பொரிகடலையும் டீயும் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டு அம்மா அடுப்படிக்குள் வந்தாள். நான் வழிமறித்து நின்றேன்.

"போலீசுக்கு நீதான் சொன்னியா?"

"நான் மாதாவாண்ட சொன்னேன்."

"ஏட்டு வர வரிக்கும் ஏம்மா காத்துகினு இருந்த?"

"ஜெபத்துக்கு யாரு வந்தா உனுக்கு இன்னாடி?" டம்ளர்களைத் தொட்டியில் போட்டாள். பிறகு திரும்பினாள், அவள் கண் சிவந்திருந்தது. "ஆமாண்டி, தெரிஞ்சிதான் சொன்னேன். ஞாயித்திக்கெழம வண்டி வுடறீங்க. திங்கக்கெழம வார்டுல எவன் கெடக்கறான்னு எனக்குத் தெரியும். பெட்டுக்கு அடியில பக்கெட்ட வச்சு ரத்தத்த தொடைக்கிறது நானு. புடிச்சி உள்ள போடுங்கன்னு சொல்லல. முன்னாடி போயி நில்லுங்கன்னுதான் கேட்டேன். வேற எத்தினி வாட்டி உன்னாண்ட கெஞ்சறது?"

என்னால் கத்த முடியவில்லை. அபிஷேக்கின் விஷயத்தைச் சொன்னேன். இரவுக்குள் வீடியோ போய்விடும், வேலை போய்விடும் என்றேன். அம்மாவுக்கு அவனைத் தெரியும், வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். அவள் முகம் சுருங்கியது.

தினேஷுக்குப் போன் போட்டேன். அவன் நம்பவில்லை.

"அவன காப்பாத்த உங்க அம்மாவயே இழுக்கறியா? உனுக்கு அவன் மேல ஒரு இதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு குரல் மாறியது. "இல்ல, நீங்க ரெண்டு பேரும் சேந்தேதான் பண்ணீங்களா?"

அன்று காலை அபிஷேக் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். ஒண்ணாங்கிளாஸிலிருந்து ஒன்றாகச் சுற்றியதெல்லாம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"நீ சொல்லும்மா. நீ சொன்னா நம்புவான்."

அம்மா போனை வாங்கவில்லை. கூடத்தில் மெழுகுவர்த்திக்கு நடுவில் இருந்த மாதா சுருபத்தைக் காட்டினாள். "அது மேல கைய வச்சி, இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்னு சொல்லு. அப்பால பேசறேன்."

"அவனோட வேலயம்மா. இதுல கூடவா பேரம் பேசுவ?"

"பேசுவேன்."

அவள் விளையாடவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கடித்துக் குதறவும் தோன்றியது. மாதா மேல் எனக்கிருக்கிற நம்பிக்கை கொஞ்சம்தான். ஆனால் கை வைத்துச் சொன்னதை மீறுகிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அது அம்மாவுக்குத் தெரியும். சுருபத்தின் பாதத்தில் கை வைத்தேன். சொன்னேன். சொல்லும்போது கையில் ஆக்ஸிலேட்டரின் உதறல் இருப்பதுபோல் இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அம்மா போனை வாங்கினாள். "தினேசு, ஆன்ட்டி பேசறேன். நான்தாம்பா ஏட்டண்ணன் காதுல வுழற மாதிரி சொன்னேன், மூணு வாரமும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அத அழிச்சிரு. இல்லன்னா நாளைக்கு உங்க ஷெட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன்."

மறுமுனையில் "இன்னா ஆன்ட்டி நீங்க," என்று மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து, அழித்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது.

கொல்லையில் போய் நின்று அபிஷேக்கைக் கூப்பிட்டேன். எடுப்பானோ மாட்டானோ என்று இருந்தது. எடுத்தான். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன், அம்மா, ஏட்டு, ஜெபம், வீடியோ அழிந்தது எல்லாம். சத்தியத்தை மட்டும் சொல்லவில்லை. பயப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

"சரிங்க," என்றான். "காலையில ஏரிக்கரையில நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். டீக்கடைக்குப் பின்னாடி."

"நான் வந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"போலீஸ் என்னை நிறுத்துனப்பவும்?"

"ஆமா."

அவன் பக்கத்தில் யாரோ டி.வி. பார்க்கிற சத்தம் கேட்டது.

"கூப்பிடலைங்களே," என்றான்.

என் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டான்.